விண்கப்பலை அளக்கப் பாம்பன் பாலம் போதும்

விண்கப்பலின் நீளத்தை வெறும் எண்ணாகச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. 1,600 மீட்டர் என்றாலும் பெரிது, 8,000 மீட்டர் என்றாலும் பெரிது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம். மொத்தம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சாதாரணக் கண் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள பகுதி) ஒன்று 18.3 மீட்டர். கப்பலுக்கு வழிவிட மேலே ஏறும் தூக்குக் கண் 72.5 மீட்டர்.

ஸ்டார் வார்ஸில் வரும் மில்லேனியம் ஃபால்கன் சுமார் 35 மீட்டர். சாதாரணக் கண் இரண்டுக்குள் அடங்கிவிடும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் டிஸ்கவரி ஏறத்தாழ 140 மீட்டர், அதாவது தூக்குக் கண் இரண்டு. ஸ்டார் டிரெக் முதல் தொடரின் எண்டர்பிரைஸ் 289 மீட்டர். தூக்குக் கண் நாலை வரிசையாக வைத்தால் 290, ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஸ்டார் வார்ஸின் 1,600 மீட்டர் போர்க்கப்பலான ஸ்டார் டிஸ்ட்ராயர் பாலத்தில் முக்கால் பங்கை மறைத்துவிடும். அதே படங்களில் வில்லன் டார்த் வேடரின் கப்பலான எக்ஸிக்யூட்டருக்குப் பாலம் பற்றாது, ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற சாலையைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கப்பலுக்கு ஆரம்பத்தில் 8 கிலோமீட்டர் என்றுதான் அச்சானது. படத்தில் பக்கத்தில் நிற்கும் ஸ்டார் டிஸ்ட்ராயரை வைத்து ரசிகர்கள் அளந்து அளந்து சண்டை போட்டார்கள். கடைசியில் 19 கிலோமீட்டர் என்று நிலைத்தது. கதை எழுதுகிறவர் எண்ணைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் இப்படித்தான் ஆகும்.

எண் சரியாக இருந்தும் படத்தில் கப்பல் பொம்மையாகத் தெரிவது உண்டு. பாம்பனுக்கு அருகிலுள்ள குந்துகால் பக்கமிருந்து பார்த்தால் பாலத்தின் தூரத்துத் தூண்கள் கடல் காற்றில் வெளிறிப் போயிருக்கும், நம் பார்வை அதை வைத்தே தூரத்தை எடைபோடும். விண்வெளியில் காற்றே இல்லை. ஒரு கிலோமீட்டரில் நிற்கும் கப்பலும் ஐம்பது கிலோமீட்டரில் நிற்கும் கப்பலும் ஒரே கூர்மையோடு, ஒரே கரிய நிழலோடு தெரியும். அதனால் அளவைச் சொல்லும் வேலை முழுவதும் கப்பலின் மேற்பரப்பின் தலையில் விழுகிறது. நமக்குத் தெரிந்த அளவுள்ள ஒரு உறுப்பு (கதவு, ஜன்னல், ஏணிப்படி) திரும்பத் திரும்ப வர வேண்டும். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரம் முடிவே இல்லாததுபோல் தோன்றுவதும் ஒரே மாதிரித் தூண்கள் வரிசை பிடிப்பதால்தான். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கக் காட்சியில் துரத்துகிற ஸ்டார் டிஸ்ட்ராயரின் மாதிரி சுமார் 91 சென்டிமீட்டர். துரத்தப்படுகிற சின்னக் கப்பலின் மாதிரி அதைப்போல் இரண்டு மடங்கு. கடைகளில் விற்கும் டாங்கி, போர்க்கப்பல் பிளாஸ்டிக் கிட்டுகளிலிருந்து உதிரித் துண்டுகளை எடுத்து மேலெல்லாம் ஒட்டியிருந்தார்கள். அந்த நுணுக்கமும், தலைக்கு மேலே கடந்து முடியவே மாட்டேன் என்கிற நேரமும்தான் ஸ்டார் டிஸ்ட்ராயரைப் பெரிதாக்கின.

நேரம் என்றதும் ஓட்டும் முறைக்கு வந்துவிடுகிறோம். பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான்.

விசைப்படகில் சுக்கானைத் திருப்பினால் தண்ணீர் அமரத்தை (பின்பக்கத்தை) ஒதுக்கித் தள்ளும், அணியம் (முன்பக்கம்) திரும்பும், படகும் அந்தப் பக்கமே போகும். விண்வெளியில் தள்ளுவதற்குத் தண்ணீர் கிடையாது. ஓரத்திலுள்ள திரஸ்டர்களை (சின்ன எஞ்சின்களை) எரித்தால் அணியம் மட்டும் திரும்பும், கப்பல் பழைய பாதையிலேயே பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும். விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கப்பல் அதே வேகத்தோடு செங்கோணத்தில் திரும்ப வேண்டுமானால், பழைய வேகத்தை அழித்துப் புது வேகத்தை ஏற்ற வேண்டும். பாதைக்குக் குறுக்கே 135 பாகை திரும்பி நின்று எரித்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும். அப்படியும் விநாடிக்கு 7.07 கிலோமீட்டர் வேக மாற்றம் தேவை. ஒரு ‘ஜி’ (பூமியின் ஈர்ப்பு தரும் அளவு) முடுக்கத்தில் அதற்கு 12 நிமிடம் ஆகும். இறக்கையைச் சாய்த்து வளைவது விமானத்தின் பழக்கம். ஸ்டார் வார்ஸின் சண்டைக் காட்சிகளை இரண்டாம் உலகப் போர் விமானப் படத்துணுக்குகளை வைத்துத் திட்டமிட்டதால் அது ஒட்டிக்கொண்டது. பாபிலோன் 5 தொடரின் ஸ்டார்ஃபியூரி இதற்கு நல்ல மாற்று: நாலு கை நுனியிலும் எஞ்சின். முன்னால் போய்க்கொண்டே உடலைப் பின்பக்கம் திருப்பிச் சுடும்.

அடுத்தது, திரும்ப எடுக்கும் நேரம். கப்பல் தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பும்போது இரண்டு முனையிலும் நிற்பவர்கள் வெளிப்பக்கம் எறியப்படுவார்கள். சுழல் வேகத்தின் வர்க்கத்தை அரை நீளத்தால் பெருக்கினால் அந்த முடுக்கம் கிடைக்கும். முனையில் அரை ‘ஜி’க்கு மேல் போகக் கூடாது, பாதித் திருப்பம் வரை வேகம் ஏற்றி மீதியில் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முன்பின்னாக 180 பாகை திரும்ப ஃபால்கனுக்கு 12 விநாடி, எண்டர்பிரைஸுக்கு 34 விநாடி, ஸ்டார் டிஸ்ட்ராயருக்கு 80 விநாடி, எக்ஸிக்யூட்டருக்கு நாலரை நிமிடம். நீளம் நாலு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு. ஸ்டார் டிஸ்ட்ராயரைப் பத்தே விநாடியில் திருப்பினால் முனையில் உச்சமாக 32 ‘ஜி’ வரும், அங்கே இருப்பவர் பிழைக்க மாட்டார். ‘செயற்கை ஈர்ப்பு சமாளித்துவிடும்’ என்று எழுதுவதை நான் ஏற்பேன், ஆனால் கதையில் அது ஒருமுறையாவது பழுதாக வேண்டும்.

வேகம் குறைப்பதும் ஒரு பயணம்தான். பூமியிலிருந்து நிலவுக்கு 3,84,400 கிலோமீட்டர். பாதி வழி ஒரு ‘ஜி’யில் எரித்து, நடுவில் அமரத்தை முன்னால் திருப்பி, மீதி வழி எரித்தால் மூன்றரை மணி நேரத்தில் நிலவின் பக்கத்தில் நிற்கலாம். நடுவழியில் வேகம் விநாடிக்கு 61 கிலோமீட்டர். ஹைட்ரஜன்-ஆக்சிஜன் எஞ்சினின் புகை வேகமோ விநாடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர்தான், அதற்கு இந்தப் பயணம் நடக்காத காரியம். கற்பனை எஞ்சின் வேண்டியிருப்பது இதற்காகத்தான். அப்படி எரிகிற கப்பலில் ‘கீழே’ என்பது எஞ்சின் இருக்கும் திசை. ஆகவே தளங்கள் மாடிக் கட்டடம்போல் அமரத்திலிருந்து அணியம் நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட வேண்டும். கடல் கப்பல்போல் நீளவாக்கில் தளம் போட்டால், எரிய ஆரம்பித்ததும் எல்லாரும் பின்சுவரில் கிடப்பார்கள்.

எஞ்சின் என்றால் வெப்பமும் உண்டு. வெற்றிடத்தில் அதைக் கதிராக மட்டுமே வெளியேற்ற முடியும். 100 மெகாவாட் கழிவு வெப்பத்தை 300 கெல்வினில் (சுமார் 27 பாகை செல்சியஸ்) இருக்கும் வெப்பம் கதிர்க்கும் பலகை வெளியேற்ற, இரண்டு முகமும் வேலை செய்தாலும் ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். பலகை 1,000 கெல்வினில் செவ்வொளியோடு கனன்றால் 900 சதுர மீட்டருக்குள் முடிந்துவிடும். டிஸ்கவரியில் இந்தப் பலகைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், பார்க்கிறவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்கள் என்று. இன்றைக்கு அந்தப் பயம் தேவையில்லை என்பது என் கட்சி. கனலும் பலகையைவிட அழகான உறுப்பு கப்பலில் வேறில்லை.

மாதிரி செய்கிறவர்களுக்கு: 1:350 அளவில் (நிஜத்தில் 350-இல் ஒரு பங்கு) எண்டர்பிரைஸ் 82.5 சென்டிமீட்டர் வரும், 60 சென்டிமீட்டர் ஜன்னல் 1.7 மில்லிமீட்டர். தகடுகளுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டர் கோடு கீறினால் நிஜக் கப்பலில் அது 10 சென்டிமீட்டர் பள்ளம். 1:1000 அளவில் 30 சென்டிமீட்டர், கால் சிக்கிக்கொள்ளும். கீறாமல், பக்கத்துப் பக்கத்துத் தகடுகளுக்கு ஒரே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிர், கொஞ்சம் அடர் என்று வித்தியாசம் கொடுத்தால் போதும். நம் கரையில் இன்னொரு தொல்லை ஈரக் காற்று. ஸ்பிரே லாக்கரின் (சீக்கிரம் காயும் பெயின்ட்) கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பெயின்ட் பால்போல் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே வேண்டாம். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, மெல்லிய பூச்சாக, நடுவே காயவிட்டு அடியுங்கள். திறந்த ஜன்னலருகே வைத்த மாதிரியில் உப்பு படிந்திருக்கும். பிரைமர் (அடிப்பூச்சு) போடும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் பெயின்ட் பிறகு செதிலாக உரியும்.