மூன்றரை மணி பின்னால்

24 நவம்பர் 2024, ஞாயிறு

மிஷனெரியாகப் போன என் சின்ன மகளை இன்றும் சபையில் மாலத்தீவில் வைத்து ஜெபித்தார்கள். இது மூன்றாவது தடவை. ஆராதனை முடிந்ததும் ஜெபித்த அண்ணனை வராந்தாவில் பிடித்தேன். "மாலத்தீவு இல்லை அண்ணே, மலாவி. ஆப்பிரிக்கா. அங்கே கடலே கிடையாது" என்றேன். "கர்த்தருக்குத் தெரியும் டீச்சர்" என்றார். கர்த்தருக்குத் தெரியும், சரி. போர்டு எழுதியவருக்குத் தெரிய வேண்டாமா? 'எங்கள் மிஷனெரிகள்' போர்டில் அவள் படத்திலிருந்து புறப்படும் சிவப்பு நூல் மடகாஸ்கரில் போய் முடிகிறது. குண்டூசியைப் பிடுங்கிச் சரியாகக் குத்தலாம் என்று கை போனது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வீடு சபைக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி இந்த வாரம் 11 கிலோ. சம்பா, வெள்ளை, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரு டப்பாவில் வண்டு. யாருடையது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

26 நவம்பர்

காய்ச்சல் என்கிறாள். "சும்மா மேல்வலிதாம்மா."

27 நவம்பர், புதன்

மலேரியா. விரலில் குத்திப் பார்த்தாயிற்றாம். அங்கே நவம்பரில் மழை தொடங்கினால் இது தடுமன் மாதிரியாம். அவள் வார்டில் பாதிக் கட்டில் இதுதானாம். சொல்லும்போது சிரிக்கிறாள். சிரிப்புக்கு நடுவில் பல் கிட்டுவது கேட்டது.

'எல்.ஏ.' என்று ஒரு மாத்திரை. வேளைக்கு 4, மூன்று நாளில் ஆறு வேளை, ஆக மொத்தம் 24. முதல் வேளைக்குப் பிறகு எட்டு மணி நேரத்தில் அடுத்தது, அப்புறம் காலை, மாலை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் உடம்பில் சேருமாம். பால் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. ஆகஸ்டில் கொடுத்துவிட்ட நேந்திரம் சிப்ஸ் அடிப்பொடி கொஞ்சம் டப்பாவில் கிடக்கிறதாம், அதைத் தின்று விழுங்கினாளாம். தேங்காயெண்ணெயில் வறுத்ததுதானே என்கிறாள். அன்றைக்குப் பெட்டி எடை கூடிவிட்டது, சிப்ஸை எடு என்று இவர் நின்றார். நான் எடுக்கவில்லை. செருப்பைத்தான் எடுத்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் குறித்திருக்கிறேன். அங்கே பகல் இரண்டு, இங்கே மாலை ஐந்தரை. அங்கே இரவு பத்து, இங்கே ஒன்றரை. விழித்திருப்பேன்.

28 நவம்பர்

ஒன்றரைக்கு 'போட்டியா மக்களே' என்று அனுப்பினேன். ஒன்று நாற்பதுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். தூங்கினேன்.

30 நவம்பர், சனி

24-ம் முடிந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. வாய் கசக்கிறதாம்.

இங்கே மழை. ஒரு வாரமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, இவர் ரப்பர் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிவியில் வடக்கே ஏதோ புயல் கரையைக் கடக்கிறது. இங்கே யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நவம்பர் 30 என்றால் எங்கள் ஊருக்கு ஒரே புயல்தான், 2017-இல் வந்த ஒக்கி. எங்களுக்கு வாழையும் ரப்பரும் போயிற்று, கரண்ட் வர நாளாயிற்று. கடற்கரைக்காரர்களுக்கு ஆளே போயிற்று. சபையிலிருந்து அரிசிப் பொதி கட்டித் தூத்தூர் பக்கம் போனோம். ஒருத்தி பொதியை வாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடலுக்குப் போன போட்டு பற்றி ஏதாவது கேட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். கையை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவளிடம் அதையே கேட்டாள். பொதியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். அரிசி கொடுத்தோம் என்று கணக்கில் எழுதியதும் நான்தான்.

1 டிசம்பர், ஞாயிறு

அட்வெந்து. கமிட்டி மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை நீண்டது. கிறிஸ்மஸ் உதவி 43 வீட்டுக்கு. 5 கிலோ அரிசி, சீனி, பருப்பு, தேயிலை, தேங்காயெண்ணெய் அரை லிட்டர், பெண்களுக்குப் புடவை, ஆண்களுக்குச் சாரம். இதுவரை சண்டை இல்லை.

அரிசியில் தொடங்கியது. வெள்ளை அரிசி மொத்த விலைக்குக் கிடைக்கிறதாம். நம் கிழவிகள் சிவப்புச் சம்பா அரிசிக் கஞ்சி தவிர எதைத் தொடுவார்கள் என்றேன். "சும்மா கிடைக்கிறதுக்கு நிறம் பார்ப்பாங்களா டீச்சர்?" அந்த 'சும்மா' என்ற சொல்லை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. சொன்னவர் வீட்டில் என்ன அரிசி வேகிறது என்று கேட்டிருக்க வேண்டும். படுத்த பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

அடுத்தது படம். போன வருடம் பேனருக்குக் கீழே எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, பையை நெஞ்சோடு பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். குளத்தங்கரைப் பாட்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திரும்பும்வரை 42 பேரும் வெயிலில் நின்றார்கள். இந்த வருடம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்போம், படம் வேண்டாம் என்றேன். துபாயிலும் சவுதியிலும் இருந்து பணம் அனுப்பும் நம் பிள்ளைகளுக்கு என்னத்தைக் காட்டுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதுதான் எரிச்சல். பொருளாளர் என்ற முறையில் எனக்கும் அந்தப் பணம் வேண்டும்.

முடிவு எடுக்கவில்லை. பழம்பொரி நன்றாக இருந்தது.

3 டிசம்பர், செவ்வாய்

கோட்டாறு சவேரியார் கோவில் தேர், உள்ளூர் விடுமுறை. மேலவீட்டு மாமி கோவா போகிறாள். சவேரியாருடைய உடலை இந்த வருடம் தரிசனத்துக்கு வைத்திருக்கிறார்கள், பத்து வருடத்துக்கு ஒருமுறைதான். அவர் 1552-இல் சீனக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தீவில் செத்துப்போனவர். அம்மா என்று ஒருத்தி இருந்திருப்பாளே, அவளுக்குச் சேதி எப்போது போய்ச் சேர்ந்திருக்கும் என்று மாமியிடம் கேட்டேன். "ஒனக்கு இப்பம் இதெல்லாம்தான் தோணுது" என்றாள். பிறகு சின்னவள் கல்யாணம் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

5 டிசம்பர்

கூப்பிடவில்லை. இரவு டியூட்டி.

8 டிசம்பர், ஞாயிறு

மிஷனெரி ஞாயிறு. நான் அறிக்கை வாசிக்க வேண்டும். முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவளுக்குக் கை நடுங்கியது.

படம் அனுப்பு, சபையில் திரையில் போட வேண்டும் என்று அவளிடம் இரண்டு வாரமாகக் கேட்டோம். நோயாளிகளை எடுக்கக் கூடாதாம். "பிரசவத்துக்கு வந்தவகிட்ட, ஊருக்கு அனுப்பணும், சிரிங்கன்னு சொல்லவாம்மா?" நேற்று ராத்திரி ஆறு படம் வந்தது. அவள் இருக்கும் பக்கத்து முலாஞ்சே மலை, நான்கு கோணத்தில். நட்டு ஒரு வாரமான சோளக்காடு. சந்தையில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்குக் குவியல். அங்கே அதற்குச் 'சினாங்வா' என்று பேராம். நம்மைப் போலவே அவித்தும் தின்கிறார்கள். விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்க நடவைத்த கிழங்கு என்று பள்ளியில் நான் சொல்லிக்கொடுப்பேன். மீன்குழம்புதான் சரியில்லையாம், அவளுக்குப் புளி கிடைக்கவில்லை.

திரையில் மலை வந்தது. மறுபடி மலை. பின்வரிசையில் ஒருவர், "ஆட்களே இல்லையே?" என்றார். எல்லாரும் எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். எனக்குத் தெரியும். அவளை அனுப்புவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அறிக்கையில் லண்டன் மிஷனைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். 1818-இல் மீட் ஐயர் என்ற மிஷனெரி நம் பக்கம் வந்ததும், அப்புறம் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்கா போனதும் அந்த ஒரே சங்கம் அனுப்பித்தான். மலாவியில் பிளான்டையர் என்ற பட்டணத்தின் பேரே லிவிங்ஸ்டன் பிறந்த ஊரின் பேர். இவ்வளவு சொன்ன பிறகும் முடிவு ஜெபத்தில் 'மாலாவித் தீவு' என்றார்கள். முன்னேற்றம்.

ரிங்கல்தௌபே ஐயர் பற்றி எழுதியதை வாசிக்கவில்லை, தாளை மடித்துவிட்டேன். 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாக மயிலாடி வந்தவர். பத்து வருடம் இருந்தார். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கந்தலோடு திரிந்தார். 1816-இல் உடம்புக்கு முடியாமல் கிளம்பிப் போனார். அதற்கப்புறம் எங்கே, எப்படி முடிந்தார் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டபோது கதை மாதிரி இருந்தது.

11 டிசம்பர்

குளத்தங்கரைப் பாட்டி வீட்டுக்குப் போனேன். இடுப்பு பிடித்துக் கிடக்கிறாள். பட்டியலைச் சரிபார்க்க வந்தேன் என்று பொய் சொன்னேன். பாட்டி எழுந்து உட்காரக் கால் மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்ததும் முதலில் தலைமுடியைக் கையால் கோதிக் கொண்டை போட்டாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். நாற்பது வருடம் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்த விரல். தோல் எண்ணெய் பட்டுக் கறுத்தது கறுத்ததுதான், நகத்துக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

"படம் பிடிப்பியளா இந்த வருசம்?"

"இன்னும் முடிவாகல்ல பாட்டி."

"எனக்க மருமொவன் அந்தப் படத்த போன்ல பாத்துட்டான் பிள்ளே. எனக்க சம்பாத்தியம் போதாதான்னு மொவள்ட்ட சண்ட."

இதை நான் கமிட்டியில் எப்படிச் சொல்வது?

13 டிசம்பர்

மழை. ஷீட்டெல்லாம் பூஞ்சை.

15 டிசம்பர், ஞாயிறு

சிடோ. புயலுக்கு யார்தான் பேர் வைக்கிறார்களோ. நேற்று மயோட் தீவைப் பிய்த்துப் போட்டது, இன்று காலை மொசாம்பிக். அடுத்தது மலாவியின் தெற்கு என்று இவர் டிவியை விட்டு நகராமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வரைபடத்தில் அந்தச் சுழல் மொசாம்பிக்கைத் தாண்டி நேராக மேற்கே போகிறது. முலாஞ்சே எங்கே என்று நான் அவருக்கு விரல் வைத்துக் காட்டினேன்.

மாலை 4.10-க்கு அனுப்பியது இரண்டு டிக். 7.30-க்கு அனுப்பியது ஒன்று.

போதகர் ஐயா வந்து ஜெபித்தார். மலாவி என்று சரியாகச் சொன்னார்.

16 டிசம்பர்

ஒற்றை டிக்.

போன வருடம் மார்ச்சில் ஃப்ரெடி என்று ஒரு புயல் அதே மலைப் பக்கம் மண்ணைச் சரித்துப் பல நூறு பேரைக் கொண்டுபோயிற்று. இதை அவளை அனுப்பும் முன்பே படித்தேன். படித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட. சொன்னால் போகவிடமாட்டார், போகாவிட்டால் அவள் என்னோடு பேசமாட்டாள். நான் எதற்குப் பயந்தேன்?

தூத்தூர்காரி கை நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. பிடியில் பலமே இல்லை, விடவும் இல்லை.

இரவு 11. ஒற்றை.

இரவு 2. ஒற்றை. அங்கே பத்தரை.

17 டிசம்பர், செவ்வாய்

காலை 9.50. பதினான்கு விநாடிக் குரல். "டவர் இல்லம்மா, கரண்ட் இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஒண்ணும் இல்ல. வெளியே நெறைய வீட்டுக் கூரை போச்சு, ஆள் வந்துட்டே இருக்காங்க. அப்புறம் பேசுறேன்." பின்னால் குழந்தை அழுகிறது, யாரோ பாத்திரம் நகர்த்துகிறார்கள்.

பதினேழு தடவை கேட்டிருப்பேன். இவர் ரப்பர் புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

18 டிசம்பர்

கமிட்டிக்காரர்கள் போன் மேல் போன். அந்தக் குரல்பதிவைச் சபை குரூப்பில் போடலாமா என்று கேட்டார்கள். போட்டால் ஒரு மணி நேரத்தில் பணம் சேரும், கூரைக்கு அனுப்பலாம் என்றார்கள். முடியாது என்றேன். அப்புறம் ராத்திரி முழுக்க யோசித்தேன், கூரை போனவர்களுக்கு எதிராகவா முடியாது என்று சொன்னேன் என்று.

20 டிசம்பர், வெள்ளி

சமாதானம்: பைகளை மட்டும் அடுக்கிவைத்து ஒரே படம், ஆட்கள் வேண்டாம். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அரிசி மட்டும் வெள்ளைதான், லோடு வந்து இறங்கிவிட்டது.

22 டிசம்பர், ஞாயிறு

கொடுத்து முடிக்க இருட்டிவிட்டது. குளத்தங்கரைப் பாட்டி பையைப் பிரித்து, அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, "இது எனக்க தொண்டையில எறங்காது மக்களே, கோழிக்குப் போடவா?" என்றாள். கூட வந்த வாலிபர் சங்கத்துப் பையனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் எங்கள் பானையிலிருந்து 5 கிலோ சம்பா அளந்து கொண்டுவந்து மாற்றினேன். கணக்கில் எழுதவில்லை. அவள் அதையும் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். "ஒனக்க பிள்ள காத்துல பொழச்சாளாமே" என்றாள்.

அதிலிருந்து நேரே கிறிஸ்மஸ் கேரல் பாட்டு. லாரியில் நின்று தொண்டை போயிற்று. வீடு வர மணி இரண்டு.

போனை அரிசிப் பானை மூடியின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மூன்று அழைப்பு. 8.15, 8.17, 9.02. மூன்றும் வீடியோ. இவருக்கு வீடியோ எடுக்கத் தெரியாது, அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே இப்போது பத்தரை. நாளை அவளுக்குப் பகல் டியூட்டி. எழுப்பலாமா