பெருமாள் வழுக்கிய வண்டி

ஒரு பழைய ஆடி காரை வாங்குவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி முடியவில்லை. அதற்குள் வேலூர் சத்துவாச்சாரியில் எனக்கு 'ஆடி கார்' என்று பேர் விழுந்துவிட்டது. இஸ்திரிக்காரர் சட்டைக்கு ரெண்டு ரூபாய் ஏற்றிவிட்டார். ஏன் என்றால், "உனக்கு இன்னா சார், கார் வாங்கப் போற" என்கிறார். பால் பாக்கி, பேப்பர் பாக்கி எல்லாம் ஒரே காலையில் வாசலுக்கு வந்து நின்றன. திருவிழா வசூலுக்கு வந்தவர்கள் போன வருடம் நான் எழுதிய தொகைக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

எல்லாம் மச்சானால் வந்தது. அவனைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல. ஈமு கோழி முடிந்தது, சோற்றுக் கற்றாழை முடிந்தது, இப்போது பழைய கார். இந்த முறை போடுவது அவன் காசு இல்லை என்பதால் தைரியம் இன்னும் அதிகம். "மாமா, காட்பாடில ஒரு தரகர்கிட்ட ஆடி டிடி நிக்குது. 2012 மாடல். சிவப்பு. பதினாலு சொல்றான், பதிமூணுக்குப் படியும். புதுசுல அரைக் கோடி மாமா!" என்று போட்டோ அனுப்பினான். போட்டோவில் வண்டி வலது பக்கம் மட்டும் தெரிந்தது. அனுப்பிய எல்லாப் படத்திலும் வலது பக்கம்தான். பெண் பார்க்கப் போட்டோ அனுப்பினால் கூட இரண்டு கோணம் இருக்கும்.

ரெண்டு கதவு உள்ள வண்டியைப் பார்க்க நாங்கள் ஒரு ஷேர் ஆட்டோ நிறையப் போனோம். நான், மச்சான், என் வீட்டுக்காரி, பெரிய மாமா, மெக்கானிக் பாய், அப்புறம் நைனா, அதாவது என் அப்பா. நைனாவை யாரும் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். "பதிமூணு லட்சத்த எந்தக் குழியில போடறன்னு பாக்க வரேன்" என்றார்.

தரகர் எங்களைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "டாக்டர் வண்டி சார்."

இது உங்களுக்குத் தெரிந்ததுதான். வேலூரில் விற்பனைக்கு நிற்கிற எல்லாப் பழைய காரும் டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை டாக்டர்கள் இத்தனை கார் ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார்தான் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. டாக்டர் என்றால் மெதுவாக ஓட்டியிருப்பார், நேரத்துக்கு ஆயில் மாற்றியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை.

"அடிபட்ட வண்டியா?" என்றார் பாய்.

"சின்ன டச்சு சார். லெஃப்ட்ல, லேசா. பம்பர் மட்டும்."

நைனா இடது பக்கம் போய் நின்றார். "அப்போ ஹெட்லைட் ஏன் ஒண்ணு பளபளன்னு கீது, ஒண்ணு மஞ்சளா கீது?"

"பம்பரும் ஹெட்லைட்டும் பெரியவரே."

பாய் பானெட்டைத் தூக்கி, ஃபெண்டரைப் பிடித்திருக்கிற போல்ட் வரிசையை விரலால் தடவினார். வலது பக்கத்தில் போல்ட் தலையில் பெயிண்ட் அப்படியே இருந்தது. இடது பக்கத்தில் ஒவ்வொரு போல்ட்டின் முனையிலும் பெயிண்ட் உரிந்து, உள்ளே வெள்ளி தெரிந்தது. "ஸ்பேனர் பட்டிருக்கு அண்ணே."

"பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர்" என்றார் தரகர். அதோடு விட்டாரா? அடுத்த அரை மணி நேரத்தில் அந்தச் சின்ன டச்சு வளர்ந்து வளர்ந்து கதவுக்கு வந்து, கண்ணாடிக்கு வந்து, கடைசியில் வாணியம்பாடி பக்கம் ஹைவேயில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் போய் முடிந்தது. "லாரி மேல தப்பு சார்" என்றார். நின்ற லாரி மேல்.

இப்போது பெரிய மாமா அரங்கத்துக்கு வருகிறார். மாமா செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். அடிபட்ட இடத்தில் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது என்று அதில் சொன்னார்களாம். அதற்காக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த திருப்பதிப் பெருமாளைப் பிடுங்கி ஜிப்பா பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பெருமாளுக்குப் பின்னால் காந்தம். கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பானெட் மேல் வைத்தார்.

பெருமாள் சறுக்கிக்கொண்டு வந்து கீழே விழுந்தார்.

ஃபெண்டரில் வைத்தார். விழுந்தார். வலது ஃபெண்டரில் வைத்தார். அதிலும் விழுந்தார். மாமாவின் முகம் மாறிவிட்டது. எம்பி, கூரையில் வைத்தார். பெருமாள் கூரையிலிருந்து கண்ணாடி வழியாக வழுக்கி வைப்பர் மேல் வந்து நின்றார். "டேய், கூரையிலயும் பட்டிடா! வண்டி உருண்டிருக்கு! மொத்த வண்டியும் பட்டிலதான் செஞ்சு வச்சிருக்கான்!" என்று மாமா போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையிலிருந்து பத்துப் பேர் டம்ளரோடு வந்துவிட்டார்கள். தரகருக்கே சந்தேகம் வந்து கூரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அவருக்கும் அந்த வண்டியைப் பற்றி முழுசாகத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மச்சான்தான் செல்போனில் தேடிப் படித்தான். இந்த மாடல் டிடியின் உடம்பில் எடைக் கணக்கில் 69 சதவீதம் அலுமினியம், மீதி 31 இரும்பு. முன்பக்கம், கூரை எல்லாம் அலுமினியம். கதவு, பின்மூடி, பின்பக்கத் தரை மட்டும் இரும்பு. முன்னால் இன்ஜின் கனம் இருப்பதால் பின்னால் எடை வேண்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். மாமா நம்பாமல் கதவில் வைத்தார். பெருமாள் கப்பென்று ஒட்டிக்கொண்டார். பின்மூடியிலும் ஒட்டினார்.

டீக்கடைக் கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. தரகருக்கு உயிர் வந்து, "ஜெர்மன் வண்டி சார், சும்மாவா?" என்றார். மச்சான் விடாமல், "ஜெர்மன் கம்பெனிதான், ஆனா வண்டி ஹங்கேரில, கியோர்ங்கற ஊர்ல பூட்டினது" என்று படித்தான். "ஹங்கேரியா?" என்று மாமா முகம் சுளித்தார். அவர் ஓட்டுகிற மொபெட் எந்த ஊரில் செய்தது என்று இதுவரை அவருக்குத் தெரியாது.

ஆனால் பாய் சிரிக்கவில்லை. "அலுமினியம்னாதான் அண்ணே பயம். இரும்புன்னா நம்ம டிங்கரிங் பட்டறைல சூடு பண்ணித் தட்டி எடுத்துடலாம். இதுல ரிவெட், பசைன்னு இன்னான்னாவோ போட்டு ஒட்டியிருப்பான். இத நம்மூர்ல எவன் தட்டினான்னு கேளு." அப்புறம் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் சுண்டு விரலை வைத்துக் காட்டினார். வலது பக்கம் நகம் மட்டும் போனது. இடது பக்கம் விரலே போனது.

அதுகூடப் பரவாயில்லை. சாவியைத் திருப்பச் சொன்னார். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தது. பாய் மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். அப்புறம் தரகரைப் பார்த்து, "ஏர்பேக் லைட்டு எங்க?" என்றார்.

"எரியலையே சார், நல்லதுதானே?"

"எரிஞ்சு அணையணும். இது எரியவே இல்ல."

லாரியில் மோதியபோது ரெண்டு ஏர்பேக்கும் வெடித்திருக்கிறது. வெடித்ததை மடித்து மறுபடி உள்ளே வைக்க முடியாது. பை, அதற்கு உத்தரவு கொடுக்கிற பெட்டி, கூடவே இறுகிப்போன சீட் பெல்ட் எல்லாம் புதுசு போட வேண்டும். போட்டால் லட்சக்கணக்கில் ஆகும். அதனால் மூடியை மட்டும் அழகாக ஒட்டி, விளக்கு எரிந்து காட்டிக் கொடுக்காமல் இருக்க அதன் வயரையும் பிடுங்கிவிட்டார்கள். ஸ்டியரிங் நடுவில் இருந்த மூடியை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லாத டப்பா மாதிரி அமுங்கியது.

தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். இதில் ஜலகண்டேஸ்வரர் 1981ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில் 2021 நவம்பரில் ரெண்டு கரையும் தொட்டு வெள்ளம் போனது, எல்லோரும் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தோம். இனி வர வேண்டியது ராஜாவும் இந்த ரெண்டு ஏர்பேக்கும்தான்.

இவ்வளவு நேரம் என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் தாளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மளிகைக் கடை பில்லில் இரண்டு ரூபாய் பிசகைப் பிடிக்கிற கண் அது. "ஏங்க, கிளெய்ம் பண்ணாம விட்டா வருஷா வருஷம் போனஸ் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும்தானே? இதுல பூஜ்யம்னு போட்டிருக்கே?" என்றாள்.

தரகர் உடனே, "ஓனர் மாறினா போனஸ் போயிடும் மேடம். போனஸ் ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்ல" என்றார். அது நிஜம்தான். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் ஆர்.சி.யைத் திருப்பினாள். "2018லேருந்து ஒரே டாக்டர்தானே ஓனர்? அப்போ கிளெய்ம் பண்ணித்தானே போனஸ் போயிருக்கும்?"

தரகர் தண்ணீர் குடிக்கப் போனார்.

பழுது பார்க்கிற செலவு, பாலிசியில் போட்டிருக்கிற வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று கம்பெனியில் கணக்கை மூடிவிடுவார்கள். இந்த வண்டிக்கு யாரோ அந்த 75ஐத் தொடாமல் ரொம்பக் கவனமாகச் செலவு செய்திருக்கிறார்கள். அந்தக் கவனத்தை லாரி நின்றபோது காட்டியிருக்கலாம்.

முடிவு தெரிந்துவிட்டது இல்லையா? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் தரகர் சாவியை நீட்டி, "வந்ததுக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்" என்றார். சிவப்பு வண்டி. என் வயதைக் கேட்காதீர்கள். நான் ஓட்டுவது ஆல்டோ. பெரிய மாமாவை அடமானமாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பின் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. அதில் குழந்தைகள்தான் உட்கார முடியும், அதுவும் நம் மேல் பாசமாக இருக்கிற குழந்தைகள். அதனால் என் பக்கத்தில் ஒருவருக்குத்தான் இடம். மச்சான் கதவைத் திறப்பதற்குள் நைனா வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கிவிட்டார். ஏறினார் என்று எழுத முடியாது, அந்த சீட்டுக்கு இறங்கத்தான் வேண்டும்.

நூறு கிலோமீட்டர் வேகத்தைச் சில நொடியில் தொடும் வண்டி, கிரீன் சர்க்கிளில் ஆட்டோக்களுக்கும் ஆந்திரா பஸ்ஸுக்கும் நடுவில் நின்றது நின்றதுதான். பஸ் சக்கரம் என் காதுக்கு நேராக இருந்தது. மேலே ஜன்னலிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "உள்ள ஆள் கீறாங்கடி" என்று பக்கத்து சீட்டுக்குச் சொன்னாள். ஸ்பீடு பிரேக்கர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசும்போது நைனா, "பதிமூணு லட்சம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஹைவேயில் பள்ளிகொண்டா பக்கம் திரும்பியதும் ரோடு காலியாக இருந்தது. அறுபதில் போனேன். முன்னால் ஏர்பேக் இல்லை, பக்கத்தில் எழுபத்தாறு வயதுப் பெரியவர். விரிஞ்சிபுரம் வந்ததும் திரும்பிவிடலாம் என்றேன். நைனா ஒன்றும் சொல்லவில்லை. வாயில் கையை விட்டுப் பல்செட்டைக் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் பூட்டினார்.

"இப்ப மிதி."

மிதித்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், வீட்டில் படிக்கிறார்கள். முதுகு சீட்டில் போய் ஒட்டியது. நைனா பொக்கை வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், சத்துவாச்சாரியில் வாங்கிய மனையிலிருந்து என் கல்யாணம் வரைக்கும் எதையும் நல்லது என்று சொல்லாத மனுஷன். திரும்பி வரும் வழியெல்லாம் டேஷ்போர்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும் பாயும் மச்சானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து பாய் கணக்குப் போட்டார். ஏர்பேக், பெட்டி, பெல்ட் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் குறையாது, அந்த இடது பக்கத்துக்கு உத்தரவாதமும் இல்லை என்றார். தரகருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மச்சான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான். பெரிய மாமா பெருமாளை ஃபிரிட்ஜில் ஒட்டாமலேயே எடுத்துப் போய்விட்டார், அதை யார் கேட்பது?

இன்று சாயங்காலம் தரகர் என்னைக் கூப்பிட்டார். "சார், நீங்களாவது பெரியவர்கிட்ட சொல்லுங்க. ஏர்பேக் போட்டுக் குடுத்து பதினொண்ணுக்குக் கேக்கறார். காலையிலேருந்து அஞ்சு போன். கட்டுமா சார் எங்களுக்கு?"

ஹாலுக்குப் போனேன். நைனா போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கைத் தொடையில் வைத்துக்கொண்டு மறுபடி நம்பரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இன்ஷூரன்ஸ் தாளின் ஜெராக்ஸோடு உட்கார்ந்து, "பன்னெண்டுக்கு எறங்குவான், அந்த 2018 மேட்டர எடுத்து விடுங்க மாமா" என்று சொல்லிக் கொடுப்பது என் வீட்டுக்காரி.