எந்த மாத்திரையை முதலில் நிறுத்துவது?

பல மாத்திரை எடுப்பவருக்குத் தேவையில்லாததைக் குறைக்க டாக்டர்கள் நாங்கள் உட்காரும்போது, சீட்டை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வீட்டில் இருக்கிற அட்டை அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்லுவோம். கிருஷ்ணகிரிப் பக்கம் மருந்து மூன்று வழியில் வருகிறது: வீடு தேடி மருந்து தரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் (2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே நம்ம சாமனப்பள்ளியில்தான்), ஓசூரிலோ சேலத்திலோ பார்த்த தனியார் டாக்டர், முட்டிவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது. அரசு அட்டையில் சுகர் மாத்திரை கிளிபிசைடு இருந்து, தனியார் அட்டை கிளைகோமெட் ஜிபி என்றால் ஆபத்து. அதற்குள் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் உண்டு. கிளிபிசைடும் கிளிமிபிரைடும் ஒரே வகை, சேர்ந்தால் சுகர் அளவுக்கு மீறி இறங்கும். சாப்பாடு தள்ளிப்போகிற மதியம் வியர்த்துக் கொட்டும், ஆள் விழுந்துவிடுவார்.

அடுத்து, எது எதற்கு, எப்போதிலிருந்து என்று தேதி வரிசையில் எழுத வேண்டும். அப்போதுதான் சங்கிலி தெரியும். தர்மபுரியில் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு மூட்டு, முதுகு வலி சகஜம். வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் மாதக்கணக்கில் ஓடும். அது உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும். பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 5 மி.கி., 10 ஆகும்; அதனால் கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு, அது பொட்டாசியத்தை இறக்கினால் வரும் கெண்டைக்கால் பிடிப்புக்கு இன்னொன்று. கூடவே இன்னொரு பிரஷர் மாத்திரை எனலாபிரிலும் இருந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். இங்கே முதலில் போக வேண்டியது வலி மாத்திரை. பிரஷர் இறங்கியதும் அம்லோடிபின் 5-க்கு வரலாம், வீக்கம் வற்றியபின் ஃபுரோசமைடை நிறுத்தலாம். அது இதயச் செயலிழப்புக்குத் தந்ததென்றால் தொடவே கூடாது.

ஒரு தடவைக்கு ஒரு மாத்திரை, நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம். இரண்டை ஒன்றாக நிறுத்தினால், கோளாறு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேஸ் மாத்திரையில்தான் அதிகம் தோற்கிறோம். பான்டோபிரசோலைச் சட்டென நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரக்கும். "பாத்தீங்களா, இது இல்லாம முடியல" என்று திரும்பி வருவார்கள். 40 மி.கி.-யிலிருந்து 20, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், எரிச்சலுக்கு இடையில் ஆன்டாசிட் சிரப் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாங்குவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து எடுப்பவர், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர் இதைத் தொடரட்டும்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் வருடக்கணக்கில் எடுத்த அல்பிரசோலமை இரண்டு வாரத்துக்கொரு தடவை கால்பங்கு, கடைசிக் கட்டத்தில் அரைக்கால் பங்கு குறைக்கிறோம். திடீரென விட்டால் வலிப்பே வரலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால், அடினலால் வகையும் ஓரிரு வாரத்தில் படிப்படியாக. இல்லையென்றால் படபடப்பு, நெஞ்சுவலி. மூன்று வாரத்துக்கு மேல் போன ஸ்டீராய்டு மாத்திரை பிரெட்னிசோலோனையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும்போது தொந்தரவு கடுமையானால், கடைசியாகத் தாங்கிய அளவுக்கே திரும்பி, அடுத்த படியைச் சின்னதாக வைக்கலாம். நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம் என்றால் காத்திருக்காமல் 108.