பிரின்ட்எஃப் போட்டாச்சு, ஆனா லாக்ல அந்த வரி எங்க போச்சு?

முன்னாடி இருந்த வேலைல ஒரு பால் குளிரூட்டுற ரூமுக்கு டெம்பரேச்சர் லாகர் எழுதிக் குடுத்திருந்தேன். சி புரோகிராம்தான், பெருசா ஒண்ணும் இல்ல, மூணு சென்சார், அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ மாத்தி மாத்தி ஒரு சென்சார படிச்சு ஒரு வரி பிரின்ட்எஃப் (சி மொழில எழுத்த வெளிய அனுப்புற ஃபங்ஷன்) பண்ணும், அந்த அவுட்புட்ட ஷெல்லயே ஒரு ஃபைலுக்கு திருப்பி விட்டிருந்தோம். என் டேபிள்ல டெர்மினல்ல ஓட்டிப் பாத்தப்போ டக்டக்குன்னு வரி வந்துட்டே இருந்துச்சு. அங்க கொண்டு போய் சர்வீஸா போட்டதும் ஃபைலோட கடைசி வரிகள காட்டுற டெயில் கமாண்ட் போட்டுப் பாத்தா பத்து நிமிஷம் ஒண்ணுமே வராது, அப்புறம் திடீர்னு நூத்துக்கு மேல வரி மொத்தமா வந்து விழும். சரி ஏதோ மெதுவா எழுதுது, டேட்டா வந்தா போதும்னு விட்டுட்டேன். அப்படி விட்டது தப்பு, அது ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

சில நாள் ராத்திரி அந்த புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட்ல (தொடக் கூடாத மெமரிய தொட்டா வர்ற எரர்) செத்துப் போகும். லாக திறந்து பாத்தா கடைசி வரில நேரம் 23:51, "சென்சார் 3"ன்னு இருக்கு, அதுக்கப்புறம் டெம்பரேச்சர் நம்பர் இல்ல, வரி பாதில அறுந்து நிக்குது. இத பாத்தா யாருக்கும் என்ன தோணும்? மூணாவது சென்சார படிக்கும்போதுதான் அடி வாங்கிருக்குன்னு. அந்த ஃபங்ஷன வரி வரியா பாத்தேன், சென்சார் வயர மாத்தச் சொன்னேன், சென்சாரையே மாத்தினோம். அடுத்த தடவ செத்தப்போ லாக் 23:49ல சென்சார் 1கிட்ட அறுந்து கிடந்துச்சு.

அப்பதான் ஃபைல் சைஸ பாத்தேன். 4096ஆல வகுத்தா மீதியே இல்லாம போச்சு. பழைய லாகையும் எடுத்துப் பாத்தேன், செத்துப் போன நாள் ஃபைல் எல்லாமே 4096ஓட மடங்கு. சென்சார் படிக்கிற இடத்துல செத்திருந்தா சைஸ் இவ்ளோ கச்சிதமா வர வாய்ப்பே இல்லயே. புரோகிராம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துகிட்ட கேக்கறத எல்லாம் காட்டுற ஸ்ட்ரேஸ் டூல போட்டு ஓடுற புரோகிராம கவனிச்சா, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ சென்சார் போர்ட்ல இருந்து ரீட் வருது, ஆனா ரைட் மட்டும் வரவே இல்ல, கிட்டத்தட்ட 12 நிமிஷம் கழிச்சு ஒரே ஒரு ரைட், 4096 பைட். கணக்கு போட்டா சரியா வருது: ஒரு வரி சுமார் 28 பைட், 4096க்கு 146 வரி, அஞ்சு செகண்டுக்கு ஒண்ணுன்னா 12 நிமிஷம்.

நடந்தது இதுதான். பிரின்ட்எஃப் எதையும் நேரா ஃபைல்ல எழுதறது இல்ல. நம்ம புரோகிராமோட மெமரிலயே சி லைப்ரரி ஒரு பஃபர், அதாவது எழுத்த தற்காலிகமா சேத்து வைக்கிற இடம், வச்சிருக்கு, அதுல கொண்டு போய் போடும், அவ்ளோதான். அந்த பஃபர் எப்ப காலியாகி கர்னலுக்கு (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) போகணும்ங்கறதுக்கு மூணு மோட் இருக்கு. முழு பஃபரிங், அதாவது நிறைஞ்சாதான் போகும். லைன் பஃபரிங், நியூலைன் வந்தா போகும். பஃபரே இல்லாம அப்பப்பவே போறது மூணாவது. எஸ்டிடிஅவுட், அதாவது பிரின்ட்எஃப் எழுதற வழக்கமான அவுட்புட், டெர்மினல்ல ஒட்டியிருந்தா லைன் பஃபரிங், ஃபைலுக்கோ பைப்புக்கோ போனா முழு பஃபரிங், லைப்ரரியே பாத்து முடிவு பண்ணிக்கும். அதான் என் டேபிள்ல ஒரு மாதிரி, சைட்டுல ஒரு மாதிரி. எரர் மெசேஜ் போற எஸ்டிடிஎரர் மட்டும் பஃபர் இல்லாம போகும், அதனால ரெண்டையும் ஒரே ஃபைலுக்கு திருப்பினா எரர் மெசேஜ் முன்னாடியும் அதுக்கு முந்தி நடந்தது பின்னாடியும் வந்து வரிசையே மாறிக் கிடக்கும்.

புரோகிராம் ஒழுங்கா முடிஞ்சா, மெயின்ல இருந்து ரிட்டர்ன் ஆனாலோ எக்ஸிட் கூப்பிட்டாலோ லைப்ரரி பஃபர்ல மிச்சம் இருக்கறத எழுதிட்டுதான் போகும். செக்மென்டேஷன் ஃபால்ட்ல செத்தா அந்த வாய்ப்பே கிடையாது, பஃபர்ல இருந்தது பஃபரோட போச்சு. ஆக என் லாக் 23:51ல நின்னதுக்கு அர்த்தம், 23:51க்குதான் கடைசியா பஃபர் நிறைஞ்சுது, அவ்ளோதான். உண்மைல செத்தது ராத்திரி 12 மணிக்கு, அன்னைக்கு ரிப்போர்ட் போடுற ஃபங்ஷன்ல. கதவ திறந்து திறந்து மூடி அலாரம் எண்ணிக்கை 64க்கு மேல போன நாள்ல மட்டும், 64 இடம்தான் இருந்த அர்ரேக்கு வெளிய எழுதிருக்கு. பாவம் அந்த மூணாவது சென்சார் மேல ஒரு தப்பும் இல்ல.

சரி பண்ணது ஒரே வரி. மெயின் ஆரம்பிச்ச உடனே செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎல்பிஎஃப், 0), அதாவது எஸ்டிடிஅவுட்ட லைன் பஃபரிங்குக்கு மாத்துன்னு லைப்ரரிகிட்ட சொல்றது. இத எங்க போடறோம்ங்கறதுதான் முக்கியம், ஸ்ட்ரீம (இங்க எஸ்டிடிஅவுட்) திறந்த பிறகு அதுல வேற எந்த வேலையும் பண்றதுக்கு முன்னாடி கூப்பிடணும்னு ஸ்டாண்டர்ட் சொல்லுது, ஒரு பிரின்ட்எஃப் போட்டதுக்கப்புறம் கூப்பிட்டா என்ன நடக்கும்னு நம்பி இருக்க முடியாது. ரிட்டர்ன் வேல்யூ 0 வந்தா வேலை ஆச்சு. இதே வரிய விண்டோஸ்ல அப்படியே போடாதீங்க, அங்க மைக்ரோசாஃப்ட் லைப்ரரில லைன் பஃபரிங்னு கேட்டாலும் முழு பஃபரிங்தான் குடுக்கும், சைஸ் 0ன்னு குடுக்கறதும் அங்க செல்லாது, அங்க பஃபர உடனே காலி பண்ணச் சொல்ற எஃப்ஃபிளஷ் போடுங்க. இன்னொண்ணு, நம்மளே ஒரு அர்ரேவ பஃபரா குடுக்கலாம், ஆனா அத மெயினுக்குள்ள லோக்கலா வச்சா மெயின் முடிஞ்சப்புறம் லைப்ரரி காலியாயிட்ட இடத்துல இருந்து எழுதப் பாக்கும், ஸ்டாட்டிக்னு போட்டுடுங்க.

அப்போ எல்லாத்தையும் பஃபர் இல்லாமலே விட்டுடலாமேன்னு கேப்பீங்க. வேணாம். 4096 எழுத்த ஒண்ணொண்ணா புட்சார் பண்ணா பஃபர் இருந்தா கர்னலுக்கு ஒரு பயணம், இல்லன்னா 4096 பயணம். ஒவ்வொரு தடவையும் புரோகிராம்ல இருந்து கர்னலுக்குள்ள போயிட்டு வரணும், அதுக்கு செலவு உண்டு. 1979ல ஏழாவது எடிஷன் யூனிக்ஸ்ல இந்த லைப்ரரி வந்தப்போ இருந்த மெஷின்கள்ல அது எவ்ளோ பெரிய விஷயமா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கும் பெரிய ஃபைல் எழுதும்போது நல்லாவே தெரியும். எது எப்ப வெளிய போகணும்னு தெரிஞ்ச ஆள் நம்மதான், அத லைப்ரரிகிட்ட சொல்றதும் நம்ம வேலைதான்.

எஃப்ஃபிளஷ் பத்தி ரெண்டு விஷயம் சொல்லணும். முதல் விஷயம் காலேஜ் பசங்களுக்கு. ஸ்கேன்எஃப் நம்பர படிச்சுட்டு நியூலைன விட்டுட்டுப் போகும், அடுத்த கெட்சார் அத எடுத்துக்கும், உடனே எஸ்டிடிஇன்னுக்கு எஃப்ஃபிளஷ் போடுன்னு நோட்ஸ்ல எழுதி வச்சிருக்காங்க. சி ஸ்டாண்டர்ட்ல எஃப்ஃபிளஷ் அவுட்புட்டுக்குதான், இன்புட்டுக்குப் போட்டா என்ன ஆகும்னு வரையறையே கிடையாது. பழைய விண்டோஸ் கம்பைலர்ல அது வேலை செஞ்சுது, விஷுவல் ஸ்டூடியோ 2015ல இருந்து அங்கயும் ஒண்ணும் பண்றதில்ல. நியூலைனோ இஓஎஃப்போ வர்ற வரைக்கும் கெட்சார் ஓட்டுங்க, ரெண்டு வரிதான், எங்கயும் ஓடும்.

ரெண்டாவது விஷயம் எனக்கே அப்புறம்தான் உறைச்சுது. செட்விபஃப் போட்டு நிம்மதியா இருந்தோம், ஒரு நாள் அங்க கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டுருச்சு, திரும்ப வந்து பாத்தா கடைசி சில வரி இல்ல. எஃப்ஃபிளஷ் பண்ணாலும் லைன் பஃபரிங் வச்சாலும் டேட்டா கர்னல் வரைக்கும்தான் போகும். கர்னலும் தன் மெமரில கொஞ்ச நேரம் வச்சிருந்துதான் டிஸ்க்குக்கு தள்ளும். புரோகிராம் செத்தா அது போதும், மெஷினே செத்தா போதாது. அதுக்கு எஃப்ஃபிளஷ் பண்ணிட்டு அப்புறம் எஃப்சிங்க் (டிஸ்க்ல எழுதுன்னு கர்னல்கிட்ட சொல்றது) பண்ணணும், வரிசை மாறக் கூடாது, முதல்ல எஃப்சிங்க் பண்ணா நம்ம பஃபர்ல இருக்கறது அதுக்குத் தெரியவே தெரியாது. அஞ்சு செகண்டுக்கு ஒரு வரிங்கறதால ஒவ்வொரு வரிக்கும் எஃப்சிங்க் வச்சோம், செகண்டுக்கு ஆயிரம் வரின்னா நான் அப்படிப் பண்ண மாட்டேன்.

ஃபோர்க் பண்றவங்களுக்கும் (ஓடுற புரோகிராம காப்பி எடுத்து சைல்டுன்னு இன்னொண்ணா ஓட்டுறது) இதே கதை உண்டு, பஃபர்ல எழுத்து இருக்கும்போது ஃபோர்க் பண்ணா சைல்டுக்கும் அதோட காப்பி போகும், ஃபைல்ல ஒரே வரி ரெண்டு தடவ வரும், டெர்மினல்ல ஒரு தடவதான் வரும். ஃபோர்க்குக்கு முன்னாடி ஒரு எஃப்ஃபிளஷ். சோர்ஸ் கையில இல்லாத புரோகிராம்னா லினக்ஸ்ல எஸ்டிடிபஃப்னு (stdbuf) ஒரு கமாண்ட் இருக்கு, அத முன்னாடி வச்சு ஓட்டினா பெரும்பாலும் வேலை செய்யும், புரோகிராமே உள்ள செட்விபஃப் கூப்பிட்டிருந்தா அதுதான் ஜெயிக்கும். பைத்தான் புரோகிராம்னா ஓட்டும்போது மைனஸ் யு (-u) சேத்துக்கோங்க.

இன்னைக்கு ராத்திரி நேரம் இருந்தா இத ஒரு தடவ செஞ்சு பாருங்க. லினக்ஸ்ல டெவ் ஃபுல்னு (/dev/full) ஒரு ஃபைல் இருக்கு, அதுல எழுதப் போனா எப்பவுமே டிஸ்க்ல இடம் இல்லன்னு எரர் குடுக்கும். முதல் பாடத்துல எழுதின ஹலோ வேர்ல்ட் புரோகிராமோட அவுட்புட்ட அதுக்கு திருப்பி விடுங்க, முடிஞ்சதும் எக்ஸிட் கோட் பாருங்க. 0ன்னு வரும், ஒரு எழுத்துகூட எங்கயும் போகல, ஆனா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லும். ஏன்னா பிரின்ட்எஃப் பஃபர்ல போட்டதோட ஓகேன்னு சொல்லிட்டுது, உண்மையான எரர் கடைசில ஃபிளஷ் ஆகும்போதுதான் வந்துச்சு, அத யாரும் கேக்கல. இப்ப ரிட்டர்னுக்கு முன்னாடி எஸ்டிடிஅவுட்டுக்கு ஒரு எஃப்ஃபிளஷ் போட்டு, அது 0 இல்லன்னா 1 ரிட்டர்ன் பண்ற மாதிரி மாத்திட்டு திரும்ப ஓட்டுங்க. எஃப்ஓபன் பண்ணின ஃபைலா இருந்தா எஃப்குளோஸ் என்ன குடுக்குதுன்னும் இதே மாதிரி பாக்கணும், என் லாகர்ல இப்ப ரெண்டும் இருக்கு.