குளிர் நாட்டுக்குப் போற புள்ளைங்களுக்குத் தண்ணிக் குழாயப் பத்தியும் சொல்லி அனுப்புங்க

நம்ம ஊர்ல இருந்து கனடா, அமெரிக்கான்னு படிக்கவும் வேலைக்கும் போற புள்ளைங்களுக்கு ஜாக்கெட்டு, பூட்ஸ், தெர்மல், மசாலாத்தூள் எல்லாம் பாத்துப் பாத்து வாங்கிக் கொடுக்குறோம், ஆனா அங்க வீட்டுல தண்ணிக் குழாய் ஐஸ் கட்டுனா என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. நான் பினாங்குல கொண்டோ மெயின்டனன்ஸ் வேலை பாக்குறவன், குழாய், பம்பு, மொட்டைமாடி டேங்க் இதுதான் என் பொழப்பு. அதனால இத நான் எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

என் தங்கச்சி குடும்பம் கனடால வின்னிபெக்ல இருக்கு. தைப்பூசத்துக்கு மொத நாள் ராத்திரி நாங்க வாட்டர்ஃபால் ரோட்டுல தண்ணீர் பந்தல்ல நிக்கிறோம், மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அவளுக்கு அங்க காலைல எட்டு மணி. "அண்ணே, கிச்சன் பைப்புல ஒரு சொட்டு வரல, பாத்ரூம்ல நல்லா வருது, என்ன பண்றது?" வெளிய மைனஸ் 30-க்கும் கீழயாம். நான் ஓரமா நகந்து போய் மொதல்ல கேட்டது, "கிச்சன் பைப்ப மூடி வெச்சிருக்கியா தொறந்து வெச்சிருக்கியா?" மூடித்தான் வெச்சிருந்தா, உடனே தொறக்கச் சொன்னேன்.

ஏன்னா, தண்ணி ஐஸ் ஆகுறப்போ சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஐஸ் கட்டுன எடத்துலதான் குழாய் வெடிக்கும்னு நிறைய பேரு நெனக்கிறாங்க, பெரும்பாலும் அப்படி நடக்குறதில்ல. ஐஸ் பெருகப் பெருக, அந்த அடைப்புக்கும் மூடியிருக்குற பைப்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட தண்ணிக்குப் போக வழியில்ல, பிரஷர் ஏறிக்கிட்டே போயி எந்த எடம் வீக்கோ அந்த எடத்துல கிழிஞ்சிடும். பைப்பு தொறந்திருந்தா அந்த பிரஷருக்கு ஒரு வழி கெடைக்கும். கடுங்குளிர் ராத்திரியில பைப்ப மெல்லிசா ஓட விடச் சொல்றாங்களே, அதுக்கு இது பெரிய காரணம், ஓடுற தண்ணி உறையவும் நேரமாகும்.

அடுத்தது மெயின் வால்வு, வீட்டுக்குள்ள வர்ற தண்ணி மொத்தத்தையும் நிறுத்துறது. குழாய் கிழிஞ்சிருந்தாலும் அப்பவே தெரியாது, ஐஸே அடைச்சுக்கிட்டு நிக்கும், உருகுனப்புறம்தான் கொட்டும். அதனால மாப்பிள்ளைய பேஸ்மென்டுக்கு அனுப்பி, மீட்டர் பக்கத்துல இருக்குற வால்வுகிட்ட நிக்கச் சொன்னேன். கைப்பிடி குழாயோட நேரா இருந்தா தொறந்திருக்குன்னு அர்த்தம், குறுக்க திருப்புனா மூடிக்கும், ஒழுகுற சத்தம் கேட்டா உடனே திருப்பிடுங்கன்னேன்.

தங்கச்சி வீடியோல சிங்க்குக்குக் கீழ இருக்குற கபோர்டத் தொறந்து காட்டுனா. உள்ள அரிசி மூட்டை, எண்ணெய் டின்னு, இங்கருந்து கொண்டு போன சாமான் எல்லாம் நெருக்கி அடுக்கி வெச்சிருக்கு, கதவும் எப்பவும் சாத்தியேதான் இருக்கும். அந்த சிங்க் வீட்டோட வெளிச்சுவத்துல இருக்கு. வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுது சரி, ஆனா அந்தச் சூடு குழாய்கிட்ட போனாத்தானே? எல்லாத்தையும் வெளிய எடுக்கச் சொன்னேன். பின்னால செம்புக் குழாய் சுவத்துக்குள்ள போற எடத்துல மாவு பூசுன மாதிரி வெள்ளையா பனி படிஞ்சிருந்துச்சு.

ஹேர் டிரையர எடுத்து, தண்ணி தொறக்குற பைப்புப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா சுவத்துப் பக்கமா போகணும். நடுவுல ஆரம்பிச்சா உருகுன தண்ணி ரெண்டு ஐஸுக்கு நடுவுல மாட்டிக்கும். கீழ ஈரம் இருந்தா டிரையரத் தொடவே கூடாது, கரண்டு விஷயம். அடுப்பு, டார்ச்சுன்னு நெருப்பக் காட்டவும் கூடாது, அங்க வீட்டுச் சுவரு பாதிக்கு மேல மரம், குழாயக் காப்பாத்தப் போயி வீடே எரிஞ்ச கதையெல்லாம் உண்டு. பொறுமையா காட்டிக்கிட்டே இருந்தா, ரொம்ப நேரம் கழிச்சு பைப்பு ரெண்டு தடவ இருமுச்சு, காத்தும் தண்ணியுமா துப்புச்சு, அப்புறம் ஓட ஆரம்பிச்சிருச்சு. எங்கயும் ஒழுகல. பந்தல்ல இருந்தவங்களுக்கு நான் எதுக்கு முருகான்னு கத்துனேன்னு புரியல.

வீடு முழுக்க எந்தப் பைப்புலயும் வரலன்னா அது வேற விஷயம், ரோட்டுல இருந்து வர்ற குழாயே உறஞ்சிருக்கலாம். வின்னிபெக்ல 2014 குளிர்காலத்துல தரைக்கு அடியில புதைச்ச குழாயே நிறைய வீட்டுக்கு உறஞ்சு போச்சு. மேல வெயில் வந்தப்புறமும் மண்ணுக்குள்ள குளிரு எறங்கிக்கிட்டே இருக்கும், அதனால மார்ச்சுலயும் பயமிருக்கு. அதுக்கு ஹேர் டிரையர் உதவாது, நகராட்சிக்கோ வீட்டு ஓனருக்கோதான் போன் பண்ணணும்.

எனக்கு ரொம்பக் கவலை தர்றது நம்மாளுங்க பழக்கம் ஒண்ணு. தீபாவளிக்கு, ஸ்கூல் லீவுக்குன்னு ஊருக்குக் கெளம்புறப்போ மெயின் சுவிட்ச அடைச்சிட்டுத்தான் நம்ம அப்பாங்க வீட்டப் பூட்டுவாங்க, அது இங்க நல்ல பழக்கம். அங்க டிசம்பர்ல ஹீட்டர அடைச்சிட்டு பினாங்குக்கு பிளைட் ஏறுனா, திரும்பிப் போறப்போ தரையெல்லாம் தண்ணியா கெடக்கும். ஆள் இல்லாட்டியும் ஹீட்டர 13 டிகிரிக்குக் கீழ எறக்காதீங்க. தனி வீடுன்னா மெயின் வால்வ மூடி, எல்லா பைப்பையும் தொறந்து குழாய்ல இருக்குற தண்ணிய வடிச்சிட்டுப் போங்க. பக்கத்து வீட்டுல யாரையாச்சும் வந்து பாக்கச் சொல்லுங்க, ஆள் பாக்காத வீட்டுல குழாய் வெடிச்சா காசு தர மாட்டோம்னு நிறைய இன்ஷூரன்ஸ்ல எழுதியிருக்கு.

சூடான ஊருக்குத்தானே போறோம்னும் விட்டுடாதீங்க. டெக்சாஸ்ல 2021 பிப்ரவரியில குளிர் எறங்கி கரண்டும் போனப்போ எத்தனையோ வீட்டுல குழாய் வெடிச்சுது. குளிரே வராதுன்னு கூரைக்கு அடியில, வெளிச்சுவத்துலன்னு குழாய ஓட்டியிருந்தாங்க, நம்ம வீடுங்க மாதிரியே.

எங்க அக்கா மகன் எட்மன்டனுக்குப் படிக்கப் போறான். வீட்டுக்குள்ள போன அன்னிக்கே மெயின் வால்வ போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புடான்னு சொல்லியிருக்கேன், ஓனருக்குத் தெரியலன்னா மீட்டர் பக்கத்துல தேடு, கையால ஒரு தடவ திருப்பிப் பாரு, இறுகிப் போயிருந்தா குளிர் வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிக் கொடுக்கச் சொல்லு. கிச்சன் சிங்க் வெளிச்சுவத்துல இருக்கா உள்சுவத்துல இருக்கான்னும் பாத்துச் சொல்லணும், வெளிச்சுவருன்னா கீழ அரிசி மூட்டைய வெக்காத.