யார் பெயரில் எழுதுவது? – பத்திர எழுத்தர் ஒருவரின் நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 22, சனி

மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்திருந்தார்கள். மார்ச் 8 விழாவில் நான் பேச வேண்டுமாம். "பெண் தலைவர்கள் ஏழெட்டுப் பேரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி சொன்னால் போதும் அக்கா" என்றார் இளையவர். ஏழெட்டுப் பேர் வேண்டாம், நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைக்கப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் ஒருவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். அந்தப் பெண் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. கீழத்தஞ்சையில் பிறந்து வளர்ந்த பெண்! எனக்கு மனம் கனத்துப்போனது. அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேச்சுக்குக் குறிப்பு எடுத்தேன். 1926இல் திண்டுக்கல் பக்கத்து அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சிறுவயதிலேயே இறந்துவிட, தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். படிக்கத் துணை நின்றவர் டாக்டர் சௌந்தரம். காந்திகிராமத்தை உருவாக்கியவர். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட இந்த இடத்தை நான் விரிவாகவே பேசப்போகிறேன். சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று உறுதி எடுத்து, 1950இல் மணந்துகொண்டார்கள். பிறகு நிலம் உள்ளவர்களிடம் இல்லாதவர்களுக்காக நிலத்தைத் தானமாகக் கேட்ட வினோபாவின் பூதான இயக்கம், ஊர் ஊராக நடை.

விருதுகள்: 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் ரைட் லைவ்லிஹூட் விருது, 2020இல் பத்மபூஷண். இதை விழா அழைப்பிதழில் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

இன்று ஒரு விடுதலைப் பத்திரம். அண்ணன் தம்பி இருவர், அக்கா தங்கை மூவர். தந்தை போன வருடம் காலமாகிவிட்டார். நன்செய் நிலமும் வீடும் இருக்கின்றன. மூன்று பெண்களும் தங்கள் பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தார்கள். பத்திரத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம்: சுயநினைவுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், மனப்பூர்வமாகச் சம்மதித்து. அதைத் தட்டச்சு செய்யும்போது நடுத்தங்கையின் முகத்தைப் பார்த்தேன். வெளியே காருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பத்திரத்தையும் கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இன்று வாசித்துவிட்டுச் சட்டத்தையும் சொன்னேன். 1989இல் தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று சட்டத்தைத் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது கிடையாது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. "இதெல்லாம் தெரிந்துதான் கொடுக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். மூத்தவர் சொன்னார்: "தெரியும் அம்மா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் பிறந்த வீட்டு வாசல் வேண்டுமே."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையையும் செய்த சீரையும் சொல்லிச் சொல்லி நிலத்தை ஈடுகட்டிவிடுகிறார்கள். நகை அடகுக் கடைக்குப் போய்விடும். நிலம் அப்படியே கிடக்கும். யாருக்கு எது போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கிருஷ்ணம்மாள் ஏன் எனக்குப் பெரியவர் என்பதை இன்று எழுதிப் பார்த்தேன்.

1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணி. அரைப் படி நெல் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நில உடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. காரும் செல்வமும் உள்ள கனவான்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப இயலவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. இதை எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது.

செய்தி கேட்டு இந்தத் தம்பதி கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். வந்தவர்கள் இங்கேயே வேர்விட்டார்கள். கூலி கேட்டதற்கே கொலை என்றால் கூலிக்காரர்களாகவே வைத்திருப்பதுதான் நோய், நிலம்தான் மருந்து என்று இருவரும் கண்டார்கள். 1981இல் லாஃப்டி என்ற உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நில உடைமையாளர்களிடம் பேசி, விலை தீர்த்து, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று நிலமில்லாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேச்சுக்கு மசியாத இடங்களில் நடைப்பயணம், உண்ணாநோன்பு, சிறை.

பத்திரம் எழுதும் எனக்கு முக்கியமானது அடுத்த செய்தி. அந்த நிலங்களைப் பெண்களின் பெயரில் எழுத வைத்தார் கிருஷ்ணம்மாள். ஆண் பெயரில் இருந்தால் சாராயக் கடைக்கும் கந்துவட்டிக்கும் கைமாறிவிடும் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். ஒரு ஏக்கர் என்பது பெரிய சொத்து இல்லை. ஆனால் பட்டாவில் தன் பெயர் உள்ள பெண்ணை வீட்டைவிட்டு விரட்டுவது எளிதல்ல. பயிர்க்கடன் வாங்க அவள் கையெழுத்து வேண்டும். விற்பதற்கும் அவள்தான் பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டும். பெண்ணுரிமை என்று நாம் மேடையில் சொல்வது, சர்வே எண்ணும் நான்கெல்லையும் சேர்ந்து இப்படித்தான் உருவம் பெறுகிறது.

இந்தக் கோரிக்கை அவரோடு தொடங்கியதும் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அங்கிருந்து 1989 வர அறுபது ஆண்டுகள்.

மார்ச் 5, புதன்

2008இல் கிருஷ்ணம்மாளோடு ரைட் லைவ்லிஹூட் விருதைப் பெற்றவர்களைப் பற்றிப் படித்தேன். சோமாலியாவின் ஆஷா ஹாகி என்னை விடவில்லை. 2000இல் ஜிபூத்தியின் ஆர்ட்டா நகரில் அமைதிப் பேச்சு நடந்தபோது, அந்த நாட்டின் ஐந்து குலங்களுக்குத்தான் மேசையில் இடம் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்களை 'ஆறாவது குலம்' என்று அறிவித்து உள்ளே நுழைந்தார்கள். பிறந்த குலமும் புகுந்த குலமும் தங்களுக்காகப் பேசாது என்று தெரிந்துகொண்ட பெண்கள்! 'பிறந்த வீட்டு வாசல்' என்று சொன்ன அந்த அக்காவை நினைத்துக்கொண்டேன். இன்னொருவர் மோனிகா ஹவுசர், பெண்நோய் மருத்துவர். பொஸ்னியப் போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக, போர் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே போய்ச் சிகிச்சை மையம் தொடங்கியவர்.

மார்ச் 8, சனி

பேசினேன். பத்து நிமிடம் அரை மணி நேரமானது, யாரும் எழுந்து போகவில்லை. கீழ்வெண்மணியைச் சொன்னபோது வயதான சிலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்கள். முடிந்ததும் ஒருவர் வந்து, தன் அம்மாவுக்கு அப்படிக் கிடைத்த ஒரு ஏக்கரில்தான் இன்றும் சாகுபடி நடக்கிறது என்றார்.

பொன்னாடையும் கேடயமும் வழக்கம்போல நடந்தன. அதில் எனக்குக் கசப்பு இல்லை. நாள் முழுதும் உழைக்கும் பெண் ஒருவரை மேடையில் ஏற்றிக் கை தட்டுவது நல்ல காரியம். ஆனால் கூட்டமைப்பிடம் ஒன்று கேட்டேன்: மாதம் ஒருமுறை குழுக் கூட்டத்தில், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், அதன்மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றும் படிக்கக் கற்றுத்தருகிறேன், கட்டணம் வேண்டாம், கிருஷ்ணம்மாளின் பெயரால் செய்யலாம். உடனே ஒப்புக்கொண்டார்கள். இளையவர் நோட்டுடன் முதல் வரிசையில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

மாநில பட்ஜெட். ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விளைநிலம் பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று அறிவித்திருக்கிறார்கள். மாலையிலேயே தொலைபேசி ஓயவில்லை. கட்டணம் குறைகிறதே என்றாவது மனைவி பெயரில் எழுதட்டும், நான் வரவேற்கிறேன். எழுதிய பிறகு அந்தப் பத்திரம் யாருடைய பெட்டியில் இருக்கிறது என்பதையும் கேட்கத்தான் போகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

முதல் வகுப்பு போன வாரம் நடந்தது. சிட்டாவில் தன் தாத்தாவின் பெயர் இன்னும் மாறாமல் இருப்பதை ஒரு பெண் அங்கேயே கண்டுபிடித்தார். அவருக்கு ஒரு தம்பி, தந்தை இல்லை. விடுதலைப் பத்திரம் எழுதத் தம்பி சித்திரையில் நாள் பார்த்திருந்தாராம். இன்று இருவரும் சேர்ந்தே வந்தார்கள். வாசலில் கொஞ்சம் வாக்குவாதம், பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். "எனக்கு வடக்குப் பக்கத்து வயல் போதும், என் பெயரில் வேண்டும்" என்றார் அக்கா. தம்பி நீண்ட நேரம் பேசவில்லை. கடைசியில் கிணறு பொதுவில் இருக்கட்டும் என்றார்.

பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு வரைவு எழுதத் தொடங்கிவிட்டேன். வாரிசுச் சான்றும் மூலப்பத்திர நகலும் வர வேண்டும். வாய்க்கால் பாத்தியதையைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நடவு நேரத்தில் தகராறு வரும்.