நடப்பவர்கள் முந்திப்போகும் ஓட்டம்

எட்டாம் வகுப்பில் இருநூறு மீட்டர் ஓட்டம். நான் கோட்டைத் தொடுவதற்குள் அடுத்த போட்டிக்கு விசில் ஊதிவிட்டார்கள். அன்றோடு ஓட்டத்துக்கு ஒரு கும்பிடு. அப்புறம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை.

41 வயதில் மறுபடி ஆரம்பித்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் நடந்து அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து ஓடிப் பார்த்தேன். மூணாவது விளக்குக் கம்பத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த ஒரே வேகம் அந்த எட்டாம் வகுப்பு வேகம்தான்.

தம்பிதான் ஃபோனில் 'கவுச் டு 5கே' போட்டுக் கொடுத்தான். ஓடிப் பழக்கமில்லாதவர்களை அஞ்சு கிலோமீட்டர் ஓட வைக்க 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஒன்பது வாரத் திட்டம். வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை, அப்புறம் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். அந்த ஒரு நிமிடமே எனக்கு மலையாக இருந்தது. மெதுவாக ஓடு, பேச முடிகிற அளவுக்கு மெதுவாக ஓடு என்றார்கள். தனியாக ஓடுகிறவள் யாரிடம் பேச? பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு வரைக்கும் மூச்சு முட்டாமல் வந்தால் வேகம் சரி. முதல் வாரத்தில் மூணு பதினாறைத் தாண்டவில்லை.

வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். வெள்ளை வேட்டியும் கேன்வாஸ் ஷூவுமாக நடக்கிற ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நடக்குறியா ஓடுறியா?"

"ஓடுறேங்கய்யா."

"அப்ப சரி" என்று போய்விட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அன்றுதான் முதல் தடவையாக நிற்காமல் ஒரு முழுச் சுற்று வந்தேன். என் ஃபோன் கணக்கில் ஒன்றேகால் கிலோமீட்டர். நடு மண்டபத்தின் மேல் கொக்கு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கக்கூட முடிந்தது. ஓடும்போது எதையாவது பார்க்க முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அந்தக் குஷியில் அடுத்த பத்து நாளும் விடாமல் ஓடினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கினால் கண்ணில் தண்ணீர். மூச்சு சில வாரத்தில் பழகிவிடுமாம், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகுமாம். மூணு வாரம் சும்மா இருந்தேன். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஒன்பது வாரத் திட்டம் எனக்கு இருபது வாரம் இழுத்தது.

சித்திரை வெயிலில் அஞ்சேகால் மணிக்கே உடம்பு கசகசக்கும். அப்போது வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்வேன், வேறு வழியில்லை. இப்போது நாலு சுற்று, அதாவது அஞ்சு கிலோமீட்டர், நாற்பத்தெட்டு நிமிடம். முடிந்ததும் ஒரு டம்ளர் பருத்திப்பால். சுக்குக் காரம் தொண்டையில் இறங்குகிற சுகத்துக்காகவே அஞ்சாவது சுற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் இன்னமும் சில நாள் முந்திப் போகிறார். பதினாறு மனப்பாடமாகிவிட்டதால் நேற்று பதினேழுக்கு மாறினேன். எட்டுப் பதினேழு எவ்வளவு என்று தெற்குக் கரை முழுக்க யோசித்துக்கொண்டே ஓடினேன்.